கண்ணில் புகும் கிருமி எங்கிருந்து வருகிறது?

கண் தொற்றுக்காகச் சேர்க்கப்பட்ட நோயாளியின் குடும்பத்தாரிடம் ஆய்வக முடிவைத் தெரிவிக்கும்போது, கிருமியின் பெயரைப் பற்றி அவர்கள் அதிகம் கேட்பதில்லை. "இது எங்கிருந்து வந்தது?" என்பதே பெரும்பாலும் அவர்களுடைய முதற்கேள்வி. அறுவைச் சிகிச்சைக்குப் பின் தொற்று ஏற்பட்டிருந்தால், சற்றுத் தயங்கி, "இங்கேதான் தொற்றிக்கொண்டதோ?" என்றும் கேட்பார்கள். அவ்வாறு கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. இவ்விதழில் அக்கேள்விக்கு இயன்றவரை நேர்மையாக விடை கூற முற்படுகிறோம். நோயின் பெயரை அறிவதைக் காட்டிலும் கிருமியின் இருப்பிடத்தை அறிவதே வீட்டில் கண்ணைப் பராமரிப்பவருக்கு மிகுதியும் பயன்படும் என்பது எங்கள் அனுபவம்.

கண்ணின் காவல்

நம் கண் எந்நேரமும் வெளிக்காற்றுக்குத் திறந்திருக்கும் உறுப்பு. தூசியும் அதில் ஒட்டிய நுண்ணுயிரிகளும் நாள்தோறும் அதன்மீது படிகின்றன. ஆயினும் நம்மில் பெரும்பாலோருக்குப் பெரும்பாலான நாள்களில் ஒன்றும் நேர்வதில்லை. இமை சிமிட்டும் ஒவ்வொரு முறையும் கண்ணீர் ஒரு மெல்லிய படலமாகக் கண்ணைக் கழுவி, மூக்கை ஒட்டிய மூலையிலுள்ள சிறு துளைகள் வழியாக வடிந்து மூக்கிற்குள் செல்கிறது. அக்கண்ணீர் வெறும் உப்புநீர் அன்று. பாக்டீரியாவின் மேலுறையைக் கரைக்கும் லைசோசைம் என்னும் பொருள் அதில் உண்டு. பின்னாளில் பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், அதற்கு முன்னரே 1922-இல் இப்பொருளை விவரித்தார். ஆய்வுக்குத் தேவையான கண்ணீரைப் பெற அவர் எலுமிச்சைத் தோலைக் கண்ணருகே பிழிந்தார் என்பது மருத்துவ வரலாற்றில் பலமுறை சொல்லப்பட்ட செய்தி. (வாசகர்கள் இதனை முயன்று பார்க்க வேண்டா.)

கண்ணீருக்கு அடுத்த காவல், கருவிழியின் மேலடுக்கு. கருவிழி என்று நாம் சொல்வது கண்ணின் முன்புறத்தில் கடிகாரக் கண்ணாடிபோல் அமைந்த தெளிவான படலத்தை. அதன் மேலடுக்கு கீறலின்றி இருக்கும்வரை, மிகச் சில பாக்டீரியாக்களைத் தவிர மற்றவை அதனைத் துளைத்து உள்ளே செல்ல இயலாது. ஆகவே கண்ணில் தொற்று ஏற்பட இரண்டு வேண்டும்: கிருமி வரவேண்டும், அதற்கு வழியும் திறந்திருக்க வேண்டும். கீழே நாம் சொல்லப்போகும் ஒவ்வொன்றிலும் இவ்விரண்டையும் காணலாம்.

நம் இமையிலும் மூக்கிலும் வாழ்பவை

முதலில் சொல்ல வேண்டியது, கேட்பவர்களுக்குச் சற்று வியப்பளிக்கும் செய்தி. கண்ணைத் தாக்கும் பாக்டீரியாக்களில் பெரும்பகுதி நம்முடைய உடலிலேயே குடியிருப்பவை. இமை ஓரங்களிலும் இமைமயிர்களின் வேர்களிலும் ஸ்டஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் என்னும் பாக்டீரியா எல்லா மனிதரிடமும் வாழ்கிறது. தோலில் இருக்கும்வரை அதனால் தீங்கில்லை. அதன் உறவான ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் பலருடைய மூக்கில் தங்கியிருப்பது. கண்கட்டி வருவதற்கும் இமையோரம் செதில்செதிலாக உதிர்ந்து சிவப்பதற்கும் பல வேளைகளில் அதுவே காரணம்.

கண்புரை அறுவைச் சிகிச்சைக்குப் பின் மிக அரிதாக நேரும் கொடிய தொற்று, கண்ணின் உட்புறத்தையே சீழ்பிடிக்கச் செய்வது. அதன் மூலம் எது என்பதை அறிய அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடைபெற்று, 1991-இல் வெளியாயிற்று. கண்ணின் உள்ளிருந்து எடுத்த பாக்டீரியாவை, அதே நோயாளியின் இமையிலும் மூக்கிலும் எடுத்த பாக்டீரியாவோடு மரபணு முறையில் ஒப்பிட்டார்கள். 17 நோயாளிகளில் 14 பேரிடம் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. அதாவது, அவர்களுடைய கிருமி அவர்களுடனேயே அறுவை அரங்கிற்குள் வந்திருக்கிறது.

அறுவைச் சிகிச்சைக்கு முன் நாங்கள் செய்பவை பலவும் இதை முன்னிட்டே. முந்தைய நாளோ அன்று காலையிலோ தலைக்குக் குளித்து, முகத்தைச் சோப்பிட்டுக் கழுவி வரச் சொல்கிறோம். அரங்கில் கண்ணைச் சுற்றிலும் கண்ணுக்குள்ளும் பழுப்பு நிறப் போவிடோன் அயோடின் மருந்தை விடுகிறோம். "எரிகிறதே, அவசியமா?" என்று கேட்பவர்கள் உண்டு. அவசியம்தான். கண்ணின் மேற்பரப்பிலுள்ள பாக்டீரியாக்களைச் சில நிமிடங்களில் பெருமளவு குறைக்க அதற்கு நிகரான எளிய வழி வேறில்லை.

கண்ணீர்ப் பாதைச் சோதனையும் இத்தகையதே. கண்புரைக்காக வந்தவரின் கண் மூலையில் மெல்லிய ஊசிக்குழாய் கொண்டு நீரைச் செலுத்தி, "தொண்டைக்கு வருகிறதா?" என்று செவிலியர் கேட்பதை உடனிருப்போர் பார்த்திருப்பீர்கள். பாதை அடைபட்டிருந்தால் கண்ணீர்ப்பையில் நீர் தேங்கும். தேங்கிய இடத்தில் நிமோகாக்கஸ் முதலிய பாக்டீரியாக்கள் பெருகும். மூலையை அழுத்தினால் சீழ் மேலே வரும். அத்தகைய கண்ணில் அறுவைச் சிகிச்சை செய்வது, சாக்கடை ஓரத்தில் காயத்தைத் திறந்து வைப்பதற்கு ஒப்பாகும். அதனால்தான் முதலில் அடைப்பைச் சரிசெய்துவிட்டுப் பின்னர் புரையை எடுக்கிறோம். "ஊரிலிருந்து வண்டி வைத்துக்கொண்டு வந்தோம், திருப்பி அனுப்பிவிட்டார்கள்" என்ற வருத்தம் பலருக்கு உண்டு. அவர்களுடைய வருத்தம் எங்களுக்குப் புரிகிறது. ஆயினும் இவ்விடத்தில் நாங்கள் விட்டுக்கொடுப்பதில்லை.

இனி, தயங்கிக் கேட்கப்படும் அந்த இரண்டாம் கேள்வி. எல்லாப் பொறுப்பையும் நோயாளியின் இமைமேல் ஏற்றிவிட்டு நாங்கள் விலகிக்கொள்ள முடியாது. ஒரே நாளில், ஒரே அரங்கில் சிகிச்சை பெற்ற பலருக்கு ஒருசேரத் தொற்று ஏற்படுமானால், கண்ணுக்குள் செலுத்தும் நீர்மங்களிலும், கருவிகளைத் தூய்மைப்படுத்தும் முறையிலும், அரங்கின் காற்றிலும் நீரிலுமே காரணத்தைத் தேட வேண்டும். அதைத் தேடுவதும், கண்டதைச் சொல்வதும் மருத்துவமனையின் கடமை. தடுப்பதற்கும் வழிகள் பெருகியுள்ளன. தமிழ்நாட்டின் அரவிந்த் கண் மருத்துவமனைகளில் ஆறு லட்சத்திற்கும் மேற்பட்ட கண்புரை அறுவைச் சிகிச்சைகளைத் தொகுத்த ஆய்வு 2017-இல் வெளியாயிற்று. சிகிச்சை முடிவில் மாக்ஸிஃப்ளாக்ஸசின் மருந்தைக் கண்ணுக்குள்ளேயே செலுத்தியபோது, பத்தாயிரத்திற்கு ஏழு என்றிருந்த தொற்று ஏறத்தாழ இரண்டாகக் குறைந்தது. இரண்டு என்பது சிறிய எண். அவ்விருவருள் ஒருவராக இருப்பவருக்கு அது சிறிதன்று. எனவே வீடு திரும்பியபின் கண்ணில் வலி கூடினாலோ, பார்வை மங்கினாலோ, இமை வீங்கிச் சிவந்தாலோ, அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திராமல் அன்றே வந்துவிட வேண்டும். இத்தொற்றில் சில மணி நேரமும் பார்வையின் அளவை மாற்றிவிடும்.

வயலிலும் மண்ணிலும்

மதுரையில் 1994-ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 நோயாளிகளை ஆராய்ந்தார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் கண்ணில் அடிபட்டபின் வந்தவர்கள். அவ்வடியும் பெரும்பாலும் உழவு வேலையின்போது பட்டது. நெல்லின் கூர்மையான மூக்கு, கரும்புச் சோகை, வைக்கோல், முள், மாட்டின் வால் ஆகியவற்றை எங்கள் புறநோயாளிப் பிரிவிலும் அறுவடைக் காலங்களில் ஓயாமல் கேட்கிறோம். அந்த ஆய்வில் பாக்டீரியாவால் வந்த புண்களும் பூஞ்சையால் வந்த புண்களும் ஏறக்குறையச் சமமாக இருந்தன. பாக்டீரியாக்களுள் முதலிடம் பெற்றது நிமோகாக்கஸ்.

இதில் ஆழ்ந்து நோக்கத்தக்கது ஒன்றுண்டு. பூஞ்சையும், மண்ணில் வாழும் நோகார்டியா என்னும் பாக்டீரியாவும் வயலிலிருந்தே கண்ணுக்கு வருகின்றன. நிமோகாக்கஸின் இடமோ மனிதரின் மூக்கும் தொண்டையும். நெல்மூக்கு கருவிழியைக் கீறி வழியைத் திறக்கிறது. அவ்வழியே நுழைவது, ஏற்கெனவே கண்ணீர்ப் பாதையிலோ மூக்கிலோ இருந்த கிருமியாகவும் இருக்கலாம். "சுத்தமான நெல்தானே பட்டது" என்று எண்ணி வீட்டில் இருந்துவிடுவோர் இதனை அறிய வேண்டும்.

அவ்வாறு இருந்துவிடும் நேரத்தின் விலை என்ன என்பதை நேபாளத்தின் பக்தபூரில் நடைபெற்ற ஓர் ஆய்வு மிகத் தெளிவாகக் காட்டிற்று. அதன் முடிவுகள் 2001-இல் வெளிவந்தன. கிராமங்களிலேயே பயிற்சி பெற்ற தொண்டர்கள், கருவிழி கீறப்பட்டவர்களுக்குக் குளோரம்ஃபெனிக்கால் களிம்பை நாளுக்கு மூன்று முறை, மூன்று நாள்களுக்கு இட்டார்கள். காயம்பட்ட 18 மணி நேரத்திற்குள் களிம்பு இடப்பட்ட 284 பேரில் ஒருவருக்கும் புண் உண்டாகவில்லை. 18 முதல் 24 மணி நேரத்திற்குள் வந்த 109 பேரில் நால்வருக்கு உண்டாயிற்று. ஒரு நாள் கடந்து, இரண்டு நாள்களுக்குள் வந்த 49 பேரில் 14 பேருக்கு உண்டாயிற்று. மருந்து ஒன்றே, காயமும் ஏறத்தாழ ஒன்றே. பொழுது மட்டுமே வேறு. காலையில் கண்ணில் அடிபட்டவர் மாலைக்குள் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ கண் மருத்துவரையோ அடைய வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

அந்தப் பொழுது எங்கே போகிறது என்பதும் எங்களுக்குத் தெரியும். தாய்ப்பால் பீய்ச்சுதல், நந்தியாவட்டைப் பூச்சாறோ வேறு இலைச்சாறோ பிழிதல், விளக்கெண்ணெய் விடுதல், கண்ணில் விழுந்த தூசியை ஊரில் கைதேர்ந்த ஒருவரின் நாக்கால் எடுக்கச் செய்தல் ஆகியவற்றில் போகிறது. இவற்றைச் செய்வோர் அன்பினால் செய்கிறார்கள். அவர்களைப் பழிப்பது எங்கள் நோக்கமன்று. ஆனால் வாயில் வாழும் பாக்டீரியாக்கள் மிகப் பல. இலையிலும் பூவிலும் மண்ணின் கிருமிகள் ஒட்டியிருக்கும். கீறல்பட்ட கருவிழியில் அவற்றை விடுவது, திறந்த வாயிலில் விருந்தினரைத் தேடிக் கொண்டுவந்து விடுவதாகும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டெராய்டு சொட்டு மருந்து இவற்றைவிடவும் அஞ்சத்தக்கது. அது சிவப்பையும் வலியையும் குறைத்து நோய் தணிந்ததுபோல் காட்டும். உள்ளே பூஞ்சை தடையின்றி வளரும்.

நீரிலும் சொட்டு மருந்துப் புட்டியிலும்

ஈரம் எங்குண்டோ அங்கெல்லாம் வாழ வல்லது சூடோமோனாஸ் ஏருஜினோசா. குழாய்நீர், கைகழுவும் தொட்டி, ஊறிய சோப்பு, ஈரத் துணி, கான்டாக்ட் லென்ஸ் வைக்கும் டப்பா ஆகிய எதுவும் அதற்குப் போதும். ஆய்வகத்தின் வளர்ப்புத் தட்டில் அது பச்சை நிறம் காட்டும். கருவிழியில் புகுந்தால் இரண்டொரு நாள்களுக்குள் அதனைக் கரைத்துவிடக்கூடிய வேகம் அதற்குண்டு. லென்ஸ் அணியும் இளைஞர்கள் அதனைக் குழாய்நீரில் கழுவுவதும், அணிந்தபடியே உறங்குவதும் இக்கிருமிக்கு வழிவிடும் செயல்கள்.

லென்ஸ் அணிவோர் நம் வாசகர்களில் சிலரே. சொட்டு மருந்து விடுவோரோ ஏறத்தாழ எல்லாரும். ஆகவே புட்டியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம். 2023-ஆம் ஆண்டு அமெரிக்காவில், கண் வறட்சிக்கு விடும் செயற்கைக் கண்ணீரோடு தொடர்புடைய சூடோமோனாஸ் தொற்று பரவியது. அவ்வாண்டு மே மாதம்வரை 18 மாநிலங்களில் 81 நோயாளிகள் கணக்கிடப்பட்டனர். 14 பேர் பார்வை இழந்தனர், நால்வருக்குக் கண்ணையே அகற்ற நேர்ந்தது, நால்வர் உயிரிழந்தனர். வழக்கமான ஆன்டிபயாடிக் மருந்துகள் பலவற்றிற்கும் அக்கிருமி கட்டுப்படவில்லை. பலமுறை திறந்து பயன்படுத்தும் புட்டியாக இருந்தும், கிருமி வளராமல் காக்கும் பொருள் அம்மருந்தில் சேர்க்கப்படவில்லை.

அங்கே குறை தயாரிப்பில் இருந்தது. நோயாளிகள் செய்த பிழை ஏதுமில்லை. நல்ல முறையில் தயாரான புட்டியையும் நாம் வீட்டில் கெடுத்துவிடலாம் என்பதே நாங்கள் சொல்ல வருவது. வார்டில் உடனிருப்போர் மருந்து விடுவதைக் கவனித்திருக்கிறோம். சொட்டு தவறாமல் விழ வேண்டுமே என்ற கவலையில் புட்டியின் முனையை இமைமயிர்மீது வைத்தே அழுத்துகிறார்கள். முனை இமையைத் தொட்டவுடன் இமையின் பாக்டீரியா முனையில் ஒட்டும். அழுத்திய கை தளரும்போது புட்டி அதனை உள்ளே இழுத்துக்கொள்ளும். அடுத்த முறை, அறுவைச் சிகிச்சை செய்த கண்ணில் மருந்தோடு அதுவும் விழும். ஒரே புட்டியை இருவர் பயன்படுத்தினால் ஒருவருடைய கிருமி மற்றவருக்குச் செல்லும். வீட்டில் மாமனாருக்கும் மாமியாருக்கும் ஒரே மருந்து எழுதப்பட்டிருந்தாலும் புட்டிகள் இரண்டாக இருக்க வேண்டும்.

மருந்து விடுபவர் முதலில் கையைச் சோப்பிட்டுக் கழுவி, தூய துணியில் துடைத்துக்கொள்ள வேண்டும். நோயாளியைப் படுக்க வைத்தோ தலையைச் சாய்க்கச் செய்தோ, மேலே பார்க்கச் சொல்லி, கீழிமையைக் கன்னத்தை நோக்கி மெல்ல இழுத்தால் ஒரு சிறு பள்ளம் தோன்றும். முனை எதிலும் படாமல் அப்பள்ளத்தில் ஒரு சொட்டு விட்டால் போதும். இரண்டாம் சொட்டு கன்னத்தில்தான் வழியும். பின்னர் கண்ணை மூடி, மூக்கோரம் விரலால் ஒரு நிமிடம் மெல்ல அழுத்த வேண்டும். அறுவைச் சிகிச்சை செய்த கண்ணாயின், மூக்கெலும்பின்மீதன்றி விழியின்மீது விரல் படலாகாது. அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிட இடைவெளி தேவை. புட்டியைத் திறந்த நாளை அதன்மேலேயே எழுதிவையுங்கள். ஒரு மாதம் கடந்தால், பாதி மருந்து மிச்சமிருந்தாலும் எறிந்துவிடுங்கள். விலை கொடுத்து வாங்கியதை எறிய மனம் வராது என்பதை அறிவோம். சென்ற ஆண்டின் புட்டியை அலமாரியிலிருந்து எடுத்து விட்டுக்கொண்டு, கருவிழிப் புண்ணோடு வந்தவர்களையும் அறிவோம்.

கையிலிருந்து கைக்கு

குழந்தைகளுக்குக் கண் சிவந்து, காலையில் இமைகள் ஒட்டிக்கொள்ளும் நோயை உண்டாக்கும் ஹீமோஃபிலஸ் போன்ற பாக்டீரியாக்கள், மூக்கொழுகும் குழந்தையின் கையிலிருந்தே மற்றக் குழந்தைக்குச் செல்கின்றன. துண்டும் தலையணையும் தனித்தனியாக இருந்தால் பெரும்பகுதி தடுக்கப்படும். நாம் "மெட்ராஸ் ஐ" என்று சொல்வதும் இவ்வாறே கையால் பரவுவது. நோயாளியைப் பார்ப்பதால் பரவாது. பெரும்பாலும் அது வைரஸால் வருவதாகையால் ஆன்டிபயாடிக் மருந்து அதனைக் கொல்வதில்லை.

கையாலும் துணியாலும் ஈயாலும் பரவி, வட இந்தியாவில் முன்பு பல்லாயிரவரைக் குருடாக்கிய டிரக்கோமாவும் பாக்டீரியாவால் வருவதே. பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற நிலையிலிருந்து அதனை இந்தியா நீக்கிவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2024 அக்டோபரில் அறிவித்தது. மருந்தோடு, முகம் கழுவ நீரும் கழிப்பறைகளும் கிடைத்ததற்கும் இதில் பங்குண்டு.

பிறந்த குழந்தையைப் பற்றி ஒரு சொல். பிறந்து முதல் மாதத்திற்குள் குழந்தையின் கண்ணில் சீழ் வந்தால், அது பிறப்பு வழியில் தாயிடமிருந்து பெற்ற கோனோகாக்கஸாகவோ கிளமிடியாவாகவோ இருக்கலாம். கீறலே இல்லாத கருவிழியையும் துளைக்க வல்ல சிலவற்றுள் கோனோகாக்கஸ் ஒன்று. லைப்சிக் நகரின் மகப்பேறு மருத்துவர் கிரெடே, 1880-ஐ ஒட்டிய ஆண்டுகளில், பிறந்தவுடன் குழந்தையின் கண்ணில் வெள்ளி நைட்ரேட் சொட்டு விடத் தொடங்கி இந்நோயை மிகவும் குறைத்தார். இன்று வேறு மருந்துகள் உள்ளன. ஆனால் தாய்ப்பால் அவற்றுள் ஒன்றன்று. அதே நாளில் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

எங்களிடம் வரும்போது

கருவிழிப் புண்ணோடு வருபவரின் கண்ணிலிருந்து சிறிதளவு சுரண்டி எடுக்கிறோம். கேட்பதற்கு அச்சமாக இருப்பினும், மரத்துப்போகும் சொட்டு மருந்து விட்டபின் செய்வதால் வலி மிகக் குறைவு. எடுத்ததில் ஒரு பகுதியைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், பாக்டீரியாவா பூஞ்சையா என்பது அன்றே பல வேளைகளில் தெரிந்துவிடும். மறுபகுதியை ஆட்டு இரத்தம் கலந்த தட்டிலும் வேறு தட்டுகளிலும் வளர்க்கிறோம். பாக்டீரியா ஒன்றிரண்டு நாள்களில் வளரும்; பூஞ்சைக்கு ஒரு வாரமும் அதற்கு மேலும் ஆகலாம். "இன்னுமா முடிவு வரவில்லை?" என்று கேட்கும்போது நாங்கள் காட்டும் தட்டில் ஒன்றும் இல்லாதிருப்பது, வேலை நடக்கவில்லை என்பதன் அடையாளமன்று.

இவ்வேலைக்கு உங்கள் உதவியும் தேவை. வரும்போது வீட்டில் கண்ணில் விட்ட எல்லா மருந்துகளையும், காலியான புட்டிகளையும் சேர்த்து, ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். எந்த நாள், எந்த வேளையில், எது கண்ணில் பட்டது என்பதைச் சொல்லுங்கள். இலைச்சாறோ தாய்ப்பாலோ விட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். எங்களில் எவரும் கடிந்துகொள்ள மாட்டோம். அந்த ஒரு சொல்லைக் கொண்டே எந்தத் தட்டில் எதனைத் தேடுவது என்று ஆய்வகம் முடிவு செய்கிறது.